சூரணம் தின்ற இட்லி

தென்றலின் பெரியப்பா பழனிவேலுக்குப் பேசுவதற்கு மைக் தேவைப்படாது. ஆனாலும் அவர் மைக் இல்லாமல் பேச மாட்டார்.

பல வருடங்கள் பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக இருந்தவர். “அரியலூர் செல்லும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்” என்று அறிவித்து அறிவித்து அதே குரல் தொண்டையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. வீட்டில் காபி கேட்பதுகூட அப்படித்தான்.

“கமலவேணி அவர்களின் கவனத்திற்கு. காபி இன்னும் வந்து சேரவில்லை.”

பெரியம்மா கமலவேணி அடுப்படியிலிருந்தே பதில் சொல்வார்: “வண்டி பஞ்சர். வர நேரமாவும்.”

ஓய்வு பெற்ற பிறகு பெரியப்பா செல்போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். ஒரே மழைக்காலத்தில் அவர் மூலிகைச் சக்கரவர்த்தி ஆகிவிட்டார். பட்டத்தை யார் கொடுத்தது என்று வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சின்ன ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பேனர் அடித்தவருக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் பேனருக்கான வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் பெரியப்பாதான்.

சக்கரவர்த்தி தயாரித்த மருந்தின் பெயர் ‘வீரசஞ்சீவிச் சூரணம்’. தூதுவளை, முருங்கை, அப்புறம் வெளியே பெயர் சொல்லக் கூடாத சில இலைகள். அந்த ரகசிய இலைகளில் ஒன்று கறிவேப்பிலை என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார்.

சூரணத்தைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஓடினார்கள் என்பது உண்மை. ஆனால் வீரத்தோடு அல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அதற்கும் பெரியப்பாவிடம் பதில் இருந்தது. உடம்பில் பல வருடமாகத் தேங்கிய கழிவு வெளியேறுகிறதாம். எவ்வளவு ஓடுகிறார்களோ அவ்வளவுக்கு மருந்து பிடித்திருக்கிறதாம். பக்கத்துத் தெரு வீரமுத்து ஒருநாள் முழுக்க வயலுக்குப் போக முடியாமல் சுருண்டு கிடந்தபோது, பெரியப்பா நேரில் போய் அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தார்.

இதெல்லாம் தென்றலுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, பனியன் வரும்வரை.

தென்றல் ஏழாம் வகுப்பு. பள்ளியின் கோ-கோ அணியில் அவளும் ஒருத்தி. அந்த வருடம் முதல்முறையாக அவர்கள் பள்ளி மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. போட்டி அரியலூரில். இதற்காக வெயிலில் ஓடி ஓடி அணியில் எல்லாருடைய முழங்காலும் ஒரே நிறத்துக்கு வந்திருந்தது.

அணிக்குப் புதுப் பனியன் வாங்கித் தந்தவர் பெரியப்பா. முன்பக்கம் பள்ளியின் பெயர். பின்பக்கம் பெரியப்பாவின் முகம். வரிசையில் குந்தி உட்கார்ந்தால் அந்த முகம் கோபமாகச் சுருங்கும். எழுந்து ஓடினால் மீசையோடு சிரிக்கும்.

பனியன் கொடுத்த விழாவில் அவர் மைக்கைப் பிடித்தார். அணி அரியலூருக்குக் கிளம்பும் சனிக்கிழமை காலையில், தன் கையாலேயே சூரணத்தைத் தேனில் குழைத்து ஒவ்வொரு வீராங்கனைக்கும் ஒரு கரண்டி ஊட்டப்போவதாக அறிவித்தார்.

தலைமையாசிரியர் கைதட்டினார். விளையாட்டு ஆசிரியை ஜெயசித்ராவும் கைதட்டினார். அணியில் யாருக்கும் கை எழவில்லை.

விழா முடிந்ததும் அணித் தலைவி வினோதினி தென்றலை வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏன்டி, உங்க பெரியப்பா எங்களை கோ-கோ ஆட அனுப்புறாரா, கக்கூசுக்கு அனுப்புறாரா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். தென்றலுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் வாங்கிய அடி, விழுந்த சிராய்ப்பு, எல்லாம் ஒரு கரண்டிப் பொடியில் போய்விடும் என்பது அவளுக்கும் தெரிந்தது.

ஒருத்தி, நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பிவிடலாம் என்றாள். இன்னொருத்தி, அன்று விரதம் என்று சொல்லலாம் என்றாள். அணி முழுவதற்கும் ஒரே நாளில் விரதம் வந்தால் டீச்சர் நம்ப மாட்டார் என்று வினோதினி அந்த யோசனையைத் தள்ளிவிட்டாள்.

தென்றல் நேராக ஜெயசித்ரா டீச்சரிடம் போய்ப் பேசிப் பார்த்தாள். பனியன் வாங்கிக் கொடுத்த மனிதரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று டீச்சர் கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தானும் அதைச் சாப்பிட்டதாகவும், அன்று மதியம் ஒரு வகுப்புக்கும் போக முடியவில்லை என்றும் ஒத்துக்கொண்டார்.

“கழிவுன்னு சொன்னாரு. இருக்கும்போல” என்றார் டீச்சர், முழு நம்பிக்கை இல்லாமல்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் அந்தக் கேள்வி வந்தது. வந்தது போகவில்லை. பல்லிடுக்கில் மாட்டிய கடலைத் தோல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

சளி பிடித்தால் அம்மா தூதுவளை ரசம்தான் வைப்பார். முருங்கைக்கீரைப் பொரியல் வாரத்தில் பாதி நாள். அதே இலைகள். அப்படியானால் தங்கள் வீட்டில் ஏன் யாரும் ஓடுவதில்லை? வேலை செய்வது இலையா, இல்லை இலையோடு வேறு ஏதாவது சேர்ந்து வருகிறதா?

அறிவியல் பாடத்தில் நுண்ணுயிரிகள் பற்றி வந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாதவை. காற்றில், மண்ணில், கையில், எங்கும் இருப்பவை. ஈரமும் சாப்பாடும் கிடைத்தால் கூட்டமாகப் பெருகும். அப்போது நம் கண்ணுக்கும் தெரியும்.

ஈரமாக, மெத்தென்று, சாப்பாடாக வீட்டில் என்ன இருக்கிறது என்று தென்றல் யோசித்தாள். அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

முதலில் கொல்லையிலிருந்த தூதுவளையையும் முருங்கையையும் பறித்து, தண்ணீர் தெளியும்வரை அலசினாள். மொட்டைமாடியில் வெள்ளைத் துணி விரித்து, மேலே பழைய கொசுவலையைப் போட்டு, கையில் பிடித்தால் நொறுங்கும்வரை காயவைத்தாள். மிக்சி ஜாரைக் கழுவி ஈரம் போகத் துடைத்துப் பொடித்தாள். பொடி சூடாக இருந்ததால் தட்டில் பரப்பி ஆறவிட்டாள். மிளகாய்த்தூள் அரைத்தால் அம்மா அப்படித்தான் செய்வார். அதனால் அவளும் செய்தாள். காரணம் கேட்டிருந்தால் அன்று அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும், மூடி போட்ட மூன்று டப்பாக்களைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினாள். அடுப்பிலிருந்து இறக்கிய இட்லி டப்பாவுக்கு ஒன்று. முதல் டப்பாவில் வெறும் இட்லி. இரண்டாவதில் இட்லி மேல், பெரியப்பா கொடுத்து வீட்டில் யாரும் தொடாமல் கிடந்த சூரணம் ஒரு சிட்டிகை. மூன்றாவதில் அவளே செய்த பொடி ஒரு சிட்டிகை.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“இட்லிக்குப் பொட்டு வெக்கிறியா?”

“இல்லம்மா, சயின்ஸ்.”

“தின்னாம வெச்சு அழுகவிடுறதுக்கு ஒரு படிப்பா?”

சும்மா வைத்த இட்லியும் ஒருநாள் கெடத்தான் போகிறது என்பது தென்றலுக்குத் தெரியும். எது முதலில் கெடுகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. மூடியை இறுக்கி அலமாரியின் மேல் வைத்தாள். அதன் பிறகு அவற்றைத் திறக்கக் கூடாது என்று பாடப்புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

மறுநாள் மூன்று இட்லிகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல அடக்கமாக உட்கார்ந்திருந்தன.

அதற்கடுத்த நாள் காலை, பெரியப்பாவின் இட்லிக்கு மீசை முளைத்திருந்தது.

வெள்ளைப் பஞ்சு போல ஒரு பக்கம். பச்சையாக ஒரு பக்கம். நடுவில் கறுப்புப் புள்ளிகள். சும்மா இருந்த இட்லி கொஞ்சம் வாடியிருந்தது. தென்றலின் பொடி போட்ட இட்லியும் அவ்வளவுதான். அம்மா வந்து பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஆகவே குற்றவாளி இலை அல்ல. அப்படியானால் பெரியப்பா வீட்டில் இலைக்கு என்ன நடக்கிறது? தென்றலுக்கு இப்போது பயத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது. உதவிக்கு வருகிறேன் என்று சொல்லி அன்று மாலையே அங்கே போய் நின்றாள்.

அந்தப் பக்கத்தில் தார் ரோட்டில் வண்டிகளும் போகும். ஆனால் அறுவடைக் காலத்தில் ரோடு முக்கியமாகப் பயன்படுவது எள்ளும் கடலையும் உளுந்தும் காயப்போடத்தான். பெரியப்பாவும் இலைகளை ரோட்டு வளைவில்தான் பரப்பியிருந்தார். கவரில் மட்டும் ‘நிழலில் உலர்த்தியது’ என்று அச்சடித்திருந்தது. லாரி கடந்து போகும்போது ஒரு நொடி நிழல் விழத்தான் செய்தது.

லாரி கிளப்பிய புழுதி இலை மேல் இறங்கியது. பிறகு ஓர் ஆடு வந்தது. இலைகளின் நடுவே நிதானமாக நடந்து, உருண்டையாகவும் கறுப்பாகவும் சிலவற்றை விட்டுவிட்டுப் போனது. பெரியம்மா அவற்றைப் பொறுக்கினார். கண்ணில் பட்டதைப் பொறுக்கினார். படாதது வீரத்தோடு கலந்தது.

கடலைக்கு ஓடு இருக்கிறது, இலைக்கு என்ன இருக்கிறது என்று தென்றல் நினைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து அரவை மில். பெரியப்பா முன்னால் நடக்க, மூட்டை பின்னால் பெரியம்மா தள்ளிய சைக்கிளில் வந்தது. மில்லில் அவருக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்த ஒரு பெண், தூளைப் பெரிய தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்துக்கொண்டிருந்தார். சூரணம் ஆவி பறக்க வந்து விழுந்தது. பெரியப்பா அதை அப்படியே பிளாஸ்டிக் கவரில் அள்ளிப் போட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் கவரின் வாயைக் காட்டி ஒட்டினார்.

“ஆறவிட்டா வீரியம் பறந்துடும்” என்று மில்லில் இருந்த அனைவரின் கவனத்திற்கும் அறிவித்தார்.

தென்றல் ஒட்டிய கவர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே குட்டிக் குட்டி நீர்த்துளிகள்.

“பெரியப்பா, உள்ள தண்ணி இருக்கு.”

“தண்ணி இல்ல பாப்பா. சத்து வேர்க்குது. உழைக்கிறவனுக்கு வேர்வை வரும்ல? அதான்.”

பெரியம்மா பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “மொளகாத்தூளுக்குத் தெரிஞ்சது உங்க பெரியப்பாவுக்குத் தெரியல. நான் சொன்னா கேக்குறாரா?”

போன வாரம் கட்டிய கவர் ஒன்று மூலையில் கிடந்தது. தென்றல் அதைக் குலுக்கினாள். பொடி குலுங்கவில்லை. கட்டியாகக் கிடந்தது.

ஆடும் புழுதியும் கிருமிகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சூடாகக் கட்டிய கவரில் ஆவி தண்ணீராகிறது. வந்து சேர்ந்தவை குளித்து, சாப்பிட்டு, குடும்பம் நடத்துகின்றன. தென்றலுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. மில்லிலிருந்து அவள் நடக்கவில்லை, குதித்துக்கொண்டு வந்தாள்.

தீர்வும் சுலபமாகத்தான் தெரிந்தது. கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும். சூரணத்தைத் தேனில் குழைக்காமல் கஷாயமாகக் காய்ச்சச் சொன்னால் போதும். பெரிய அண்டா, பெரிய கரண்டி, போட்டோவும் நன்றாக வரும் என்று சொன்னால் பெரியப்பா மறுக்கவே மாட்டார்.

இந்த யோசனையோடு வீட்டுக்குள் வந்தபோது அம்மா கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நல்ல பருப்பு முறத்தில். கறுத்துப் பூசணம் பிடித்தது தூரத்தில்.

“அதையும் சேத்து அவிச்சா என்னம்மா? கொதிச்சா பூசணம் செத்துடும்ல?”

“பூசணம் செத்துடும். அது கக்கி வெச்ச வெஷம் சாவாதுன்னு மாட்டு டாக்டரு முகாம்ல சொன்னாரு. பூசணம் புடிச்ச புண்ணாக்க மாட்டுக்கே குடுக்கக் கூடாதாம். உனக்கு அவிச்சுக் குடுப்பனா?”

தென்றல் அப்படியே முறத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கஷாயம் போனது. அண்டா போனது. கெட்டுப்போன சூரணத்தைக் காய்ச்சினாலும் சரி, தேனில் குழைத்தாலும் சரி, அதை யாரும் சாப்பிடக் கூடாது. சனிக்கிழமைக்கு முன்னால் ஒரே நாள்தான் இருந்தது.

மறுநாள் பள்ளியில் வினோதினியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வினோதினி அவளைவிட வேகமாகத் திட்டம் போட்டாள். டப்பாவை மேடைக்கே எடுத்துப்போய், பெரியப்பா மைக்கைப் பிடிக்கும்போது எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டவேண்டும்.

“பேனர்ல ஒரு மீசை, இட்லில ஒரு மீசை. ரெண்டையும் ஒண்ணா நிக்கவெச்சு போட்டோ எடுக்கலாம்டி.”

அணி முழுக்கச் சிரித்தது. தென்றலுக்கும் ஒரு கணம் அந்தக் காட்சி பிடித்திருந்தது. தலைமையாசிரியர் வாயைப் பிளப்பார். ஊரே சிரிக்கும்.

அப்புறம் மில்லில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. பெரியப்பா தன் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. மூட்டையை இறக்குவதற்குள் இரண்டு முறை மில்லுக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். அவர் ஊரை ஏமாற்றவில்லை. அந்தப் பொடியை மற்ற எல்லாரையும்விட அதிகமாக நம்பியவரும் அவர்தான், அதிகமாகச் சாப்பிட்டவரும் அவர்தான்.

“மேடையில வேணாம்” என்றாள் தென்றல். “நான் வூட்டுக்குப் போயி சொல்றேன்.”

“கேக்கலன்னா?”

“கேக்கலன்னா டீச்சர்கிட்ட டப்பாவக் காட்டுறேன். ஆனா மொதல்ல அவருகிட்ட.”

பள்ளி விட்டதும் மூன்று டப்பாக்களையும் பையில் வைத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனாள். அவர் நாளைக்குப் பேசவேண்டியதை நிலைக்கண்ணாடி முன்னால் பேசிக்கொண்டிருந்தார். தென்றல் மூன்றையும் மேசை மேல் வரிசையாக வைத்து, எதில் என்ன இருக்கிறது என்று சொன்னாள்.

பெரியப்பா நடு டப்பாவை உற்றுப் பார்த்தார். மீசையைத் தடவினார். பிறகு பஸ் ஸ்டாண்டு குரலில் தொடங்கினார்.

“பாத்தியா, மருந்தோட வேகத்த. இட்லியில இருந்த கழிவு எல்லாம் வெளிய வந்திருக்கு.”

தென்றல் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவளுக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம் வந்தது. அதைக் கேட்டாள்.

“அப்ப கழிவு வெளியேறின இட்லி சுத்தமாயிருக்குமா பெரியப்பா? அதைச் சாப்புடலாமா?”

பெரியப்பா இட்லியைப் பார்த்தார். இட்லி அவரைப் பார்த்தது. வாசலில் பெரியம்மா பெருக்குவதை நிறுத்திவிட்டு விளக்குமாற்றோடு நின்றார்.



“அந்தக் கடைசி டப்பாவுலயும் அதே இலைதான்னு சொன்ன?” என்று பெரியப்பா கேட்டார்.

“அதே தூதுவளை, அதே முருங்கை. நல்லாக் கழுவிக் காயவெச்சேன். ஆறவெச்சுத்தான் டப்பாவுல போட்டேன்.”

“ஆறவெச்சா வீரியம்...” என்று ஆரம்பித்தவர், நிறுத்தினார்.

தென்றல் கொஞ்சம் கிட்டே போனாள். “உங்களுக்கு வயிறு எப்புடி இருக்கு பெரியப்பா?”

அவர் பதில் சொன்ன குரலைத் தென்றல் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. மைக்குக்கே எட்டாத குரல் அது.

“நிக்கவே மாட்டேங்குது பாப்பா. தீவாளிலேருந்து.”

“தீவாளிலேருந்து” என்று பெரியம்மா வாசலிலிருந்து திரும்பச் சொன்னார். “எங்கிட்ட என்ன சொன்னீங்க? நெதமும் கழிவு போவுது, ஒடம்பு தங்கமா இருக்குன்னு சொன்னீங்க. இவ்வளவு கழிவு இருக்க நீங்க என்ன பேரூராட்சி வாய்க்காலா?”

பெரியப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. பேனர் கட்டியாகிவிட்டது, தேன் வாங்கியாகிவிட்டது, தலைமையாசிரியர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார், நாளைக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்.

தென்றலுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். பச்சை இலைக்குப் பஞ்சமே இல்லை. பறித்த இலையை எல்லார் முன்னாலும் அலசி, பெரிய அண்டாவில் நன்றாகக் கொதிக்கவைத்து, சுடச்சுட சூப்பாகக் கொடுக்கலாம். தேனும் வேண்டாம், பொடியும் வேண்டாம். கரண்டி பெரியப்பா கையில்.

“அண்டாவா?” என்றார் பெரியப்பா, தலையைக் கொஞ்சம் தூக்கி.

“கல்யாண அண்டா.”

“கரண்டியும் பெருசா இருக்கும்ல?”

“துடுப்பு மாதிரி இருக்கும் பெரியப்பா.”

அன்று மாலை ஊர் ஓர் அதிசயத்தைப் பார்த்தது. மூலிகைச் சக்கரவர்த்தி மைக் இல்லாமல் தெருவில் நடந்துபோனார். சூரணம் வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் நின்று, பொடி கெட்டுவிட்டது, திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் இவ்வளவு வேகமாக எதையும் எடுத்துக் கொடுத்ததில்லை. வீரமுத்து தன் கவரை வாசலிலேயே தயாராக வைத்திருந்தார். எல்லாவற்றையும் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். அதோடு விடாமல் பெரியம்மா அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கூட்டிப்போனார். மருந்தும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் கொடுத்தார்கள். ஒரு மருந்து இவ்வளவு ருசியாக இருந்தால் அது எப்படி வேலை செய்யும் என்று அவர் சந்தேகப்பட்டார். ஆனாலும் குடித்தார்.

சனிக்கிழமை காலை பள்ளி வாசலில் பேனர். பேனருக்குக் கீழே அண்டா. அணி முழுவதும் பனியன் போட்டு வரிசையாக நின்றது. வினோதினி நாக்குக்கு அடியில் எச்சிலைச் சேர்த்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். தென்றல் சொன்னதை அவள் முழுதாக நம்பவில்லை.

தலைமையாசிரியர் மூலிகைச் சக்கரவர்த்தி அவர்களை நீண்ட நேரம் புகழ்ந்துவிட்டு மைக்கைக் கொடுத்தார். பெரியப்பா தொண்டையைச் செருமினார். தென்றல் அவர் வாயையே பார்த்தாள். மைக்கைப் பிடித்தால் அவர் மனம் மாறிவிடுவாரோ?

“பொடி கெட்டுப்போச்சு” என்றார் பெரியப்பா. “நாந்தான் சரியா காயவெக்கல, ஆறவெக்கல. சாப்புட்டவங்க மன்னிச்சுக்குங்க. இது இப்ப பறிச்ச கீரை, இப்ப கொதிச்ச சூப்பு. குடிங்க.”

அவ்வளவுதான். அவர் வாழ்நாளிலேயே பேசிய மிகச் சிறிய பேச்சு அது. அடுத்து ஏதாவது வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை என்று தெரிந்ததும் கிடைத்த கைதட்டல் மாதிரி அவருக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

சூப்பு மிளகும் சீரகமுமாக மணத்தது. ஜெயசித்ரா டீச்சர் முதலில் குடித்தார். வினோதினி மோந்து பார்த்தாள், ஊதினாள், குடித்தாள், டம்ளரை மறுபடியும் நீட்டினாள்.

“வெச்சுக்க பாப்பா, வெச்சுக்க” என்று பெரியப்பா துடுப்பளவு கரண்டியால் ஊற்றினார்.

அரியலூர் மைதானத்தில் முதல் ஆட்டம் தொடங்கும் முன், யாருக்காவது வெளியே போகவேண்டுமா என்று டீச்சர் கவலையோடு கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கைகூட எழவில்லை. எல்லாரும் ஒருவர் விட்டு ஒருவர் எதிர்த் திசை பார்த்து வரிசையில் குந்தினார்கள். விசில் ஊதியது. வினோதினி தென்றலின் முதுகில் தட்டி “கோ” என்றாள், தென்றல் பாய்ந்தாள்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அதற்கடுத்ததிலும். இறுதி ஆட்டத்தில் எதிர் அணிப் பெண்கள் மீன்குஞ்சு மாதிரி நழுவி நழுவி ஓடினார்கள். எவ்வளவு விரட்டியும் ஒரே ஒரு புள்ளியில் முதல் பரிசு கைநழுவிப்போனது. நன்றாக ஆடினார்கள், நன்றாக ஆடியவர்களிடம் தோற்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் சிலர் அழுதார்கள். வினோதினி கடைசி ஸீட்டில் ஏறி நின்றாள்.

“ஏன்டி அழுவுறீங்க? கக்கூஸ்ல தோக்கல. கிரவுண்டுல தோத்தோம்.”

அழுதவர்களும் சிரித்துவிட்டார்கள். டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் இரண்டாம் பரிசுக் கோப்பையை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டை தொடங்கியது. அரியலூரிலிருந்து ஊர் வந்து சேரும்வரை அந்தக் கோப்பை ஒருத்தி மடியிலும் சேர்ந்தாற்போல் சிறிது நேரம்கூட உட்காரவில்லை.